கல் நின்ற நேரம்

“இந்தக் கல்லுக்கு ஒடம்புக்கு இன்னா?”

ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று ஜூடியிடம் ஒருமுறை இப்படிக் கேட்டது. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, நவம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணிகூட ஆகவில்லை. திருவொற்றியூருக்கு வடக்கே இருந்த ஒரு மருத்துவமனையின் பூட்டிய கதவுக்கு வெளியே இது நடந்தது. அந்த மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். அதில் வேலை பார்த்தவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல.

ஜூடி கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அட்டை தொங்கினால் டாக்டர் என்று குழந்தைக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

ஜூடி மருந்து எழுதிக் கொடுக்கும் டாக்டர் இல்லை. வயதானவர்களுக்கு மருத்துவமனைகளில் என்ன மாதிரியான கவனிப்பு கிடைக்கிறது என்று அளந்து எழுதும் ஆராய்ச்சியாளர். நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத் துறையில் இணைப் பேராசிரியர். இருபது வருஷமாக அவள் கேட்டு வந்தவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். உங்களிடம் மரியாதையாகப் பேசினார்களா, மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று விளக்கினார்களா, எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள். எத்தனை ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை. இப்போதெல்லாம் கேள்வியைத் தொடங்கும்போதே பதிலும் வந்து, களைப்பும் வந்துவிடும். அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. முழங்கால் வலிக்கு அவளே ஒரு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவள் அந்த நேரத்தில் அங்கே நின்றது தற்செயல். வழக்கமாகத் துறையின் ஜீப்பில் ஒன்பது மணிக்குத்தான் வருவாள். ஓட்டுநர் லீவு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் விடிந்ததும் சாலையை அடைத்துவிட்டால் பஸ் நகராது என்று, ராயபுரத்தில் முதல் மின்சார ரயிலைப் பிடித்து வந்துவிட்டாள். வந்த இடத்தில் கதவிலிருந்து சாலை ஓரம்வரை கற்கள் வரிசையாகக் கிடந்தன. கல் மட்டும் அல்ல. உடைந்த சாம்பல் செங்கல், வார் அறுந்த ஹவாய் செருப்பு, மூடி போட்ட தூக்கு, மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில். எண்ணினால் ஐம்பதுக்குக் குறையாது. ஒன்றின் பின் ஒன்றாக, ஆள் நிற்கிற மாதிரி ஒழுங்காக நின்றன. ஆட்கள் சற்றுத் தள்ளி, மதில் ஓரமாக, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் வயதானவர்கள்.

“அம்மு, இங்க வா. டாக்டரம்மாவ பேஜாரு பண்ணாத” என்று மதில் ஓரத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பெயர் கோதண்டம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்தொரு வயது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. மருமகள் இறால் கம்பெனிக்கு விடியற்காலையில் போய்விடுவதால் பேத்தியைக் கூட இழுத்து வந்திருந்தார். அவர்தான் ஜூடிக்கு விளக்கினார். செவ்வாய்க்கிழமைதான் சுகர், பிரஷர் மாத்திரை. கதவு திறப்பது எட்டு மணிக்கு. அதுவரை நிற்க யாருக்கும் காலில் தெம்பில்லை. அதனால் வந்ததும் அவரவர் ஒரு பொருளை வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். அடுத்தவர் கல்லை யாரும் நகர்த்த மாட்டார்கள். வருஷக் கணக்காக இதுதான் வழக்கம்.

ஜூடி பையிலிருந்து படிவத்தை எடுத்து, அதில் உள்ள கேள்வியை அப்படியே படித்தாள். இன்றைக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்?

“இன்னும் சீட்டே வாங்கலியேம்மா. அதுக்குள்ள இன்னா காத்துகினு இருக்கறது?” என்றார் கோதண்டம்.

“நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்க, ஐயா?”

“நாலரை இருக்கும்.”

“அப்போ நாலரையிலேர்ந்து காத்துக்கிட்டுதானே இருக்கீங்க?”

“அது கல்லு நின்னுகினு கீது. நான் குந்திகினுதானே கீறேன்.”

பக்கத்தில் இருந்த சொக்கம்மாள் என்ற அம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “இந்தாளு கல்லு நின்னதுக்கே தனக்குக் கால் நோவுதுன்னு சொல்ற ஆளும்மா, நீ எழுதிக்க” என்றாள். மதில் ஓரம் முழுவதும் சிரித்தது. ஜூடியும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அன்று அவள் வேறு வேலை பார்க்கவில்லை. கையில் கடிகாரத்தோடு கோதண்டத்தைக் கவனித்தபடி இருந்தாள். ஒன்பது பத்துக்கு அவருடைய சீட்டில் முத்திரை விழுந்தது. ஒன்பது நாற்பத்தைந்துக்கு மாத்திரைப் பொட்டலத்தோடு வெளியே வந்தார். முப்பத்தைந்து நிமிஷம். படிவத்தின்படி அவர் காத்திருந்த நேரம் அதுதான். கல்லையும் சேர்த்தால் ஐந்தேகால் மணி நேரம்.

முப்பத்தைந்து என்ற எண் அவளை ஏன் அப்படி உறுத்தியது என்று சொல்லவேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன்னால், இரண்டாயிரத்து ஒன்றில், வடசென்னையில் மூன்று மருத்துவமனைகளில் அறுநூற்று நாற்பது முதியவர்களிடம் ஜூடி ஓர் ஆய்வு நடத்தினாள். இந்த மருத்துவமனை அதில் ஒன்று. காத்திருப்பு நேரம் என்பதைச் சீட்டில் முத்திரை விழுந்த நிமிஷத்திலிருந்து மருந்து கைக்கு வரும் நிமிஷம்வரை என்று அவளே வரையறுத்தாள். சராசரி முப்பத்தெட்டு நிமிஷம் வந்தது. கட்டுரை இரண்டாயிரத்து மூன்றில் வெளியாயிற்று. கூட்டம் மிகுந்த ஏழைப் பகுதியில் இவ்வளவு சீக்கிரமா என்று பலரும் வியந்தார்கள். மாநாடுகளில் அதைத்தான் பேசச் சொன்னார்கள். அந்தக் கட்டுரையால்தான் அவள் இணைப் பேராசிரியர் ஆனாள். இப்போது பேராசிரியர் பதவிக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை நேர்காணல். கோப்பில் முதலில் வைத்திருந்ததும் அதே கட்டுரைதான்.

துறைக்குத் திரும்பியதும் அந்தக் கோப்பைத் திறந்தாள். ஆய்வால் சமூகத்துக்கு விளைந்த பயன் என்ற தலைப்பின் கீழ் ஓர் அரசு ஆணையின் நகல் இருந்தது. அவள் கட்டுரையைக் குறிப்பிட்ட ஆணை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ அனுப்பியபோது, தன் பெயர் இருந்த முதல் பத்தியைப் பெருமையோடு படித்துவிட்டு அப்படியே கோப்பில் செருகியிருந்தாள். இப்போதுதான் இரண்டாம் பத்தியைப் படித்தாள். காத்திருப்பு நேரம் முப்பத்தெட்டு நிமிஷமே என்று தெரியவருவதால், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்காகச் சோதனை முறையில் காலை ஏழு மணிக்குத் திறக்கப்பட்டு வந்த தனிக் கவுண்டர் தேவையில்லை எனக் கருதி மூடப்படுகிறது.

அந்தத் தாளோடு துறைத் தலைவர் செங்குட்டுவனின் அறைக்குப் போனாள்.

செங்குட்டுவன் நல்ல மனிதர். அவள் சொன்ன எல்லாவற்றையும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். கட்டுரையில் பொய் எதுவும் இல்லையே, எங்கிருந்து எதுவரை அளந்தோம் என்று தெளிவாகத்தானே போட்டிருக்கிறது என்றார். ஆணை போட்டவர்கள் அதைச் சரியாகப் படிக்காதது நம் குற்றமா என்றும் கேட்டார். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வியாழக்கிழமை முடியட்டும், ஜூடி. அதுக்கு மேல எத்தனை திருத்தம் வேணும்னாலும் எழுதுங்க, நானே கையெழுத்துப் போடறேன். இத்தனை வருஷம் உழைச்சிருக்கீங்க. ஒம்பது நாள்தானே” என்றார்.

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஐந்து வருஷம் இருந்த தப்பு இன்னும் ஒன்பது நாள் இருந்தால் என்ன? களைத்த மனதுக்கு இந்த மாதிரி நியாயங்கள் மிகவும் இதமாக இருக்கும். ராயபுரத்துக்குப் போகும் பஸ்ஸில் அவள் அதையே நினைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

மறுநாள் மாலை, கிடங்கறையில் கட்டி வைத்திருந்த பழைய படிவ மூட்டைகளைப் பிரித்தாள். முதல் மூட்டையில் ஒன்றுமில்லை. இரண்டாவது மூட்டையில், அந்த மருத்துவமனையின் படிவங்களில், ஓரத்தில் பென்சிலால் எழுதிய எழுத்து இருந்தது.

“கல் 4.40.”

அடுத்த தாளில், “செருப்பு 5.05.” அதற்கு அடுத்ததில், “தூக்கு 4.15. மழை.” புரட்டப் புரட்ட வந்துகொண்டே இருந்தது. ஒரு தாளில், “வரிசையில் மயங்கி விழுந்தார். தண்ணீர் கொடுத்தோம். கல்லை யாரும் நகர்த்தவில்லை” என்று எழுதியிருந்தது. இன்னொரு தாளில் அதே ஓரத்தில் சிவப்பு மசியில் ஜூடியின் கையெழுத்து. “படிவத்தில் இல்லாததை எழுதக் கூடாது.” அதற்குப் பிறகு வந்த தாள்களில் பென்சில் எழுத்து சிறுத்துப்போய், தாளின் பின்பக்கத்துக்கு மாறியிருந்தது. ஆனால் நிற்கவில்லை. அந்த மருத்துவமனையின் இருநூற்றுப் பத்துப் படிவங்களிலும் இருந்தது. கணிப்பொறியில் ஏற்றியபோது ஓரத்தில் இருந்ததை யாரும் ஏற்றவில்லை. அதற்குக் கட்டம் இல்லை.

எழுதியது அன்புக்கரசி. ஒப்பந்தத்தில் சேர்த்த களப் பணியாளர். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். புளியந்தோப்பிலிருந்து வருவாள். லாரிகளுக்குப் பயந்து முதல் பஸ்ஸில் ஏறி, நாலு மணிக்கெல்லாம் அங்கே போய்விடுவாள். அதனால் அவள் கற்களைப் பார்த்தாள். ஒன்பது மணிக்கு ஜீப்பில் வந்த ஜூடி கற்கள் இருந்த இடத்தில் ஆட்கள் நிற்பதைப் பார்த்தாள். ஆய்வு முடிந்ததும் அடுத்த ஆய்வுக்கு யாரை வைத்துக்கொள்வது என்ற பட்டியலில் அன்புக்கரசியின் பெயருக்கு எதிரே, “சொன்னதைப் பின்பற்றுவதில்லை” என்று எழுதியவளும் ஜூடிதான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசைக்குப் போனாள். பூசைக்கு முன், குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றவள், முறை வருமுன் விலகிக்கொண்டாள். ஆண்டவரிடம் சொல்வது சுலபம், அவர் முன்பே அறிந்தவர். சொல்ல வேண்டிய இடம் வேறு என்று அவளுக்குத் தோன்றியது. குறித்து வைத்திருந்த முகவரியோடு நேரே புளியந்தோப்புக்கு ஷேர் ஆட்டோ ஏறினாள்.

வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடி. கதவைத் திறந்த அன்புக்கரசிக்கு ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டாள். சுவரில் புத்தர் படத்துக்குப் பூ வைத்திருந்தது. கணவன் கடைக்குப் போயிருந்தான். டீ வேண்டாம் என்று ஜூடி சொன்னதைக் கேட்காமல் போட்டுக்கொண்டு வந்தாள்.

இப்போது எங்கே வேலை என்று ஜூடி கேட்டதற்கு, ஏற்றுமதித் தையல் கம்பெனியில் செக்கிங் என்றாள். “சட்டையில தப்பு கீற எடத்துல சின்னதா ஒரு சிவப்பு அம்பு ஒட்டணும், மேடம். அதான் வேல. ஒங்க கிட்ட தப்பு காட்டினா திட்டு வுழும். இங்க காட்டலன்னா திட்டு வுழும்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பில் கசப்பு இல்லை. அதுதான் ஜூடிக்கு அதிகமாக வலித்தது.

படிவத்தின் பின்பக்கத்துக் குறிப்புகளைப் பார்த்ததாக ஜூடி சொன்னாள்.

“அத இன்னுமா வச்சிகினு கீறீங்க?”

“நீ அப்பவே எங்கிட்ட நேரா வந்து சொல்லியிருக்கலாமே, அன்பு.”

“ரெண்டு வாட்டி சொன்னேன், மேடம். மொத வாட்டி ஃபோன் பேசிகினு இருந்தீங்க. ரெண்டாவது வாட்டி, ஃபாரத்துல கீறத மட்டும் கேளுன்னுட்டீங்க.”

ஜூடிக்கு அது நினைவில்லை. நினைவில்லை என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. தன்னால்தான் அவளுக்கு வேலை போயிற்று என்பதையும், தப்பான எண்ணால் கவுண்டர் மூடப்பட்டதையும் மறைக்காமல் சொல்லி, மன்னிக்கும்படி கேட்டாள். அன்புக்கரசி காலித் தம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். அந்தக் கிழங்களுக்கு அந்தக் கவுண்டர் எப்படியாவது வந்தால் போதும், தனக்கு ஒன்றும் இல்லை என்றாள். திருத்தம் எழுதும்போது உன் பெயரும் வரவேண்டும் என்று ஜூடி சொன்னதற்கு, “ரேசன் கார்டுல பேரு ஏத்தவே ஆறு மாசம் அலஞ்சேன். இதுக்கு எத்தினி மாசம் அலையணுமோ” என்றாள். பிறகு, “ஒங்க இஷ்டம், மேடம்” என்று முடித்துக்கொண்டு, படி இருட்டு, பார்த்து இறங்குங்கள் என்று மாடி முனைவரை வந்து நின்றாள்.

வியாழக்கிழமை நேர்காணலில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் கோப்பைப் புரட்டி, ஓர் ஆராய்ச்சி அரசு ஆணைவரை போவது அபூர்வம், அதைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அன்பாகக் கேட்டார். செங்குட்டுவன் ஓரத்தில் இருந்தார். அவர் தன்னைப் பார்ப்பது ஜூடிக்குத் தெரிந்தது.

“அந்த எண் தப்பு” என்றாள் ஜூடி. “முப்பத்தெட்டு நிமிஷம் இல்லை. குறிப்புகள் கிடைச்ச இருநூற்றுப் பத்துப் பேருக்குச் சராசரி நாலே முக்கால் மணி நேரம். தப்பு என்னோடது. திருத்தம் அனுப்பப் போறேன்.”

யாரும் சத்தம் போடவில்லை. எப்படி நேர்ந்தது என்று கேட்டார்கள், சொன்னாள். ஒருவர் எதையோ எழுதிக்கொண்டார். நன்றி சொல்லி அனுப்பினார்கள். திங்கட்கிழமை ஒட்டிய பட்டியலில் வேறு ஊர்க்காரர் ஒருவரின் பெயர் இருந்தது.

செங்குட்டுவன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தன் ஃபிளாஸ்க்கை எடுத்து வந்து அவள் மேசையில் காப்பியை ஊற்றி வைத்துவிட்டுப் போனார். மருத்துவமனைக்கும் ஆணை போட்ட அலுவலகத்துக்கும் ஜூடி கடிதம் எழுதியிருந்தாள். அலுவலகத்திலிருந்து பதில் இல்லை. மூடிய கவுண்டர் மூடியே இருந்தது. ஆனால் மருத்துவமனையின் பெரிய டாக்டர், கடிதம் கிடைத்த வாரமே கதவை ஐந்து மணிக்குத் திறக்கச் சொல்லி, உள்ளே தாழ்வாரத்தில் பெஞ்சுகளை இழுத்துப் போட வைத்தார். அதற்கு எந்த ஆணையும் அவருக்குத் தேவைப்படவில்லை. இந்த உலகம் பாதி நாள் இப்படிப்பட்ட பெஞ்சுகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. கோதண்டம் அதைப் பற்றி, மதில் ஓரம் காற்று வரும், இங்கே கொசு என்று குறைப்பட்டுக்கொண்டாராம்.

திருத்தம் எழுதுவது மட்டும் பாக்கி இருந்தது. அதற்கு ஜூடி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைத் தேர்ந்துகொண்டாள். துறையில் ஒருவரும் இல்லை. காவலாளியும் சாப்பிடப் போயிருந்தார். இருநூற்றுப் பத்துப் பென்சில் குறிப்புகளையும் ஒவ்வொன்றாக மறுபடி சரிபார்த்து முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. கண் எரிந்தது. திருத்தம் அரைப் பக்கம்தான் வந்தது. முந்தைய எண், சரியான எண், தப்பு நேர்ந்த விதம். அரைப் பக்கத் திருத்தத்தை யாரும் படிப்பதில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளும் யாருடையதையும் படித்ததில்லை.

எழுதியவர் பெயர் என்ற இடத்தில் விரல் நின்றது. பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து முதலெழுத்தைத் தேடினாள். ம. அன்புக்கரசி என்று இருந்தது. அதை முதலில் தட்டினாள். தன் பெயரை அதற்குக் கீழே போட்டாள். திருத்தம் வெளிவரும் இதழ் புளியந்தோப்புக்கு ஒரு நாளும் போகாது. அன்புக்கரசிக்கு இதனால் சம்பளம் உயராது, வேலையும் கிடைக்காது. நாளைக்கு யாராவது இந்தத் திருத்தத்தைத் தேடினால், அந்தப் பெயர் முதலில் நிற்கும். அவ்வளவுதான்.

எழுதியவர்களில் யார் என்ன வேலை செய்தார்கள் என்று தெரிவிக்க ஒரு தாள் தனியாக இருந்தது. அதில் கையாலேயே எழுதினாள். கற்கள் வைக்கப்பட்ட நேரத்தைக் கண்டறிந்தவரும், தடுக்கப்பட்ட பிறகும் அதைத் தொடர்ந்து குறித்தவரும் முதலாமவர். இரண்டாமவர் அவற்றைக் கூட்டி வகுத்தார்.

படித்துப் பார்த்தாள். “தடுக்கப்பட்ட பிறகும்” என்பதை அடித்துவிட்டு, “நான் தடுத்த பிறகும்” என்று மாற்றினாள். உறையில் போட்டு ஒட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினாள். வாசலில் இருந்த தபால் பெட்டியில் அன்றைக்குத் தபால் எடுக்க மாட்டார்கள். பரவாயில்லை என்று போட்டுவிட்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி மெதுவாக நடந்தாள்.